புவியியல் படித்தால் வாத்தியார் வேலை மட்டும்தானா?

கேள்வி: பிளஸ் டூ கலைப்பிரிவில் படிக்கிறேன். புவியியல் என்றால் உயிர், அட்லஸை எடுத்தால் கீழே வைக்க மாட்டேன். "அதைப் படிச்சா வாத்தியார் வேலைதான், அதுவும் கிடைக்கணுமே" என்கிறார் அப்பா. வேறு வழியே இல்லையா?
- மாணவி, அம்பாசமுத்திரம்

பதில்: உன் அப்பா சொல்வதில் பாதி உண்மை தாயி. பாடப்புத்தகத்தை மட்டும் படித்துப் பட்டம் வாங்கினால் பி.எட்., தேர்வு, காத்திருப்பு என்றுதான் போகும். ஆசிரியர் வேலை குறைந்தது என்று நான் சொல்ல மாட்டேன், மலைகளையும் ஆறுகளையும் மனப்பாடம் செய்ய வைக்காமல் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்கள் நமக்கு நிறையவே வேண்டும். ஆனால் அது ஒன்றுதான் வழி என்ற காலம் போய்விட்டது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நம் பக்கத்தில் யாரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. குளங்கள் உடைந்தன, ஊர்கள் தீவாயின. எந்தக் குளம் உடைந்தால் தண்ணீர் எந்தத் தெருவுக்கு வரும், குளம் நிரம்பி வழியும் மறுகால் தண்ணீர் போகும் ஓடையில் எங்கே வீடு கட்டியிருக்கிறோம், எந்தப் பள்ளிக்கூடம் மேட்டில் இருக்கிறது? இதை மழைக்கு முன்பே சொல்வதுதான் புவியியல் படித்தவரின் வேலை. நில உயரம் ஒரு படம், கால்வாய்கள் ஒரு படம், வீடுகள் ஒரு படம் என்று கணினியில் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் பார்ப்பதைத்தான் ஜி.ஐ.எஸ். என்கிறார்கள். அதைச் செய்யத் தெரிந்தவர்கள் நகரமைப்புக்கு வேண்டும், வனத்துறைக்கு வேண்டும், பயிர்க் காப்பீட்டுக்கு வேண்டும், காற்றாலைக்கு இடம் பார்க்கிறவர்களுக்கும் வேண்டும். 2021 பிப்ரவரியில் மத்திய அரசு வரைபடம் தயாரிப்பதற்கு இருந்த கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது. அதிலிருந்து தனியார் நிறுவனங்களுக்கும் இந்தத் துறையில் கதவு திறந்திருக்கிறது.

பட்டப்படிப்புக்குச் சென்னையில் மாநிலக் கல்லூரி, ராணி மேரிக் கல்லூரி இரண்டிலும் புவியியல் துறை உண்டு. அவ்வளவு தூரமா என்று வீட்டில் யோசிப்பார்கள், பேசிப் பார். சேர்ந்த பிறகு வகுப்போடு நின்றுவிடாதே. ஜி.ஐ.எஸ். படங்களைச் செய்து பழக க்யூஜிஐஎஸ் என்ற மென்பொருள் இலவசம். இஸ்ரோவின் புவன் தளத்தில் செயற்கைக்கோள் படங்களைப் பார்க்கலாம். டேராடூனில் இஸ்ரோவின் கீழ் இயங்கும் இந்தியத் தொலையுணர்வு நிறுவனம் இணையம் வழியாக இலவச வகுப்புகள் நடத்துகிறது, கல்லூரி மாணவர்கள் சேரலாம். நாளைக்கு ஐ.ஏ.எஸ். எழுத ஆசை வந்தால் புவியியலையே விருப்பப் பாடமாக எடுக்கலாம், இரண்டு தாள்கள் சேர்த்து 500 மதிப்பெண்.

கல்லூரி திறக்கும்வரை சும்மா இருக்காதே. கன்னடியன் கால்வாயில் தண்ணீர் வாங்கும் ஒரு குளத்தை எடுத்துக்கொள். கரையில் நடந்து மடை எத்தனை, மறுகால் எங்கே, அந்தத் தண்ணீர் பாயும் ஆயக்கட்டு எதுவரை என்று போனில் இடம் குறித்துக்கொள், வயலில் நிற்கும் பெரியவர்களிடம் கேள், பிறகு வந்து படமாக வரை. முதல் படம் கோணலாகத்தான் வரும், பரவாயில்லை. வேலைக்கான நேர்காணலில் போய் உட்காரும்போது மதிப்பெண் பட்டியலைவிட அந்தப் படம் உனக்காக அதிகம் பேசும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அப்பாவையும் குளத்தங்கரைக்குக் கூட்டிக்கொண்டு போ.

கேள்வி: சிவில் டிப்ளமோ முடித்துவிட்டேன். சர்வேயர் ஆகலாமா, இல்லை இந்த வேலையை இனி டிரோனே பார்த்துவிடுமா?
- வாசகர், வள்ளியூர்

பதில்: தாராளமாக ஆகலாம் தம்பி. அரசு நில அளவர், வரைவாளர் பணிகளுக்கு டி.என்.பி.எஸ்.சி. தேர்வு நடத்துகிறது, அறிவிப்பு வரும்போது தகுதியைக் கவனமாகப் படித்துவிட்டு விண்ணப்பியுங்கள். தனியாரில் தூரத்தையும் கோணத்தையும் அளக்கும் டோட்டல் ஸ்டேஷன், செயற்கைக்கோள் வழியாக இடத்தைத் துல்லியமாகக் குறிக்கும் டிஜிபிஎஸ் இரண்டும் கை பழகியிருக்க வேண்டும். ராதாபுரம், பணகுடிப் பக்கம் காற்றாலை வேலை நடக்கும் இடத்தில் தெரிந்தவர் இருந்தால் ஒரு மாதம் கூடவே போய்ப் பழகுங்கள். டிரோன் மேலிருந்து படம் எடுக்கும், ஆனால் நிலத்தின் எல்லை அளவுகள் வரைந்த புலப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு முள்ளுக்குள் புதைந்த சர்வே கல்லைத் தேடி எடுத்து, இதுதான் எல்லை என்று அண்ணனும் தம்பியும் நிற்கும்போது சொல்ல ஓர் ஆள் வேண்டும். ஓரடி தவறினால் இரண்டு குடும்பம் கோர்ட்டுக்கு அலையும். ஆகவே புதுக் கருவியோடு பழைய பட்டா, அடங்கல், புலப்படம் எல்லாம் வாசிக்கவும் கற்றுக்கொள்ளுங்கள்.

கேள்வி: புவியியலும் நிலவியலும் ஒன்றுதானே? மகன் அறிவியல் பிரிவு, வானிலை ஆராய்ச்சிக்குப் போக வேண்டும் என்கிறான்.
- வாசகர், திசையன்விளை

பதில்: மூன்றும் வேறு வேறு அண்ணாச்சி. கொற்கை ஒரு காலத்தில் துறைமுகமாக இருந்தது, இன்று கடல் சில கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. ஆறு கொண்டுவந்து போட்ட வண்டல் எந்த அடுக்கில் எப்போது படிந்தது என்று தோண்டிப் பார்ப்பது நிலவியல். கடல் விலகியதால் ஊர், தொழில், பாதை எல்லாம் எப்படி மாறின என்று பார்ப்பது புவியியல். நிலவியல் படித்தவர்களுக்கு யு.பி.எஸ்.சி. தனியாகவே புவி அறிவியலாளர் தேர்வு நடத்துகிறது. வானிலைக்கு இயற்பியலும் கணிதமும்தான் வாசல், அந்த இரண்டையும் மகன் இப்போது விட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டு மொட்டை மாடியில் ஒரு மழைமானி வைத்து தினமும் காலை எட்டரை மணிக்கு அளவை நோட்டில் எழுதச் சொல்லுங்கள், வானிலைத் துறையும் அந்த நேரத்தில்தான் அளவெடுக்கிறது. ஒரு வருடம் விடாமல் எழுதினான் என்றால் அவனுக்கு ஆசை எவ்வளவு என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.