ஃபுவென்ஹிரோலாவில் குழந்தைகளோடு குடியேற எந்தப் பகுதி? கேள்வி பதில்

ஸ்பெயினில் மலாகாவுக்குத் தென்மேற்கே உள்ள கடலோர ஊரான ஃபுவென்ஹிரோலாவில் ஒன்பது வருடமாக இருக்கிறேன். பிள்ளைகள் இரண்டு பேரும் இங்கே அரசுப் பள்ளியில் படிக்கிறார்கள். வீடு தேடுகிறவர்கள் கேட்ட கேள்விகளுக்கு, தெரிந்த வரையில் பதில் எழுதுகிறேன்.

சரண்யா, மியூனிக்: கணவருக்கு மலாகாவில் வேலை கிடைத்திருக்கிறது. பிள்ளைகளுக்கு 7 வயதும் 4 வயதும். கடலைப் பார்த்த மாதிரி வீடு எடுக்க ஆசை. எந்தப் பக்கம் தேடலாம்?

ஆசை நியாயமானதுதான் சரண்யா. ஆனால் கடற்கரைச் சாலையை ஒட்டிய முதல் வரிசையைத் தவிர்த்துவிடுங்கள். அங்கே பெரும்பாலானவை விடுமுறைக்கு வருபவர்களின் வீடுகள். நவம்பரில் போய்ப் பாருங்கள், மாடிக்கு மாடி ஷட்டர் இறங்கியிருக்கும். உங்கள் பிள்ளைகளோடு விளையாட அந்தக் கட்டடத்தில் இன்னொரு பிள்ளை இருக்காது.

நான் முதலில் சொல்வது லோஸ் பொலிச்செஸ். பழைய மீனவர் குடியிருப்பு, இன்றைக்கும் ஜூலை 16 அன்று கார்மென் மாதாவைத் தோளில் சுமந்து கடலுக்குள் இறக்குவார்கள். கடலிலிருந்து இரண்டு மூன்று தெரு உள்ளே தள்ளித் தேடுங்கள். தரை சமம், ரயில் நிலையம் பக்கத்திலேயே, மளிகையும் மருந்துக்கடையும் நடக்கிற தூரத்தில்.

வீடு பார்க்கிற அன்று மதியம் இரண்டு மணிக்குப் பக்கத்துப் பள்ளி வாசலில் போய் நில்லுங்கள். தாத்தா பாட்டிகள் கையில் ஜூஸ் டப்பாவோடு நிற்பார்கள். மணி அடித்ததும் பிள்ளைகள் ஓடிவந்து பையை அவர்கள் தோளில் மாட்டிவிட்டு எந்தப் பக்கம் நடக்கிறார்கள் என்று பாருங்கள். குடும்பங்கள் இருப்பது அந்தத் தெருக்களில்தான். நாங்கள் இப்போதைய வீட்டைக் கண்டுபிடித்ததும் அப்படித்தான்.

பார்த்திபன், சென்னை: தோர்ரெப்ளாங்காவில் கடல் தெரிகிற பெரிய வீடு ஒன்று பார்த்தோம். அம்மாவும் எங்களோடு வருவார், அவருக்கு முழங்கால் வலி. கைக்குழந்தையும் உண்டு.

வேண்டாம் சார். தோர்ரெப்ளாங்கா அழகான இடம், ஆனால் மலைச்சரிவு. வரைபடத்தில் ரயில் நிலையம் 600 மீட்டர் என்று காட்டும், ஏறி வரும்போதுதான் அது என்னவென்று புரியும். பால் வாங்கக்கூட கார் வேண்டும். தள்ளுவண்டியோடு அம்மா தனியாக வெளியே இறங்கவே முடியாமல் போய்விடும். கடல் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, அவர் தானாக நடந்து போய் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து வரக்கூடிய தெருவைப் பாருங்கள்.

நித்யா, டப்ளின்: நல்ல வீடு, நல்ல வாடகை. ஆனால் ஒப்பந்தம் செப்டம்பர் முதல் ஜூன் வரை மட்டும் என்கிறார் தரகர். அப்புறம் நீட்டித்துக்கொள்ளலாமாம். நம்பலாமா?

நம்பாதீர்கள். நீட்டிப்பு எழுத்தில் இல்லையென்றால் அது வெறும் பேச்சு.

எங்கள் முதல் வருடக் கதையைச் சொல்கிறேன். இதே மாதிரி ஒப்பந்தம், இதே மாதிரி வாக்குறுதி. மே மாதம் ஒரு மின்னஞ்சல் வந்தது: ஜூன் 15க்குள் சாவி வேண்டும். பள்ளி ஜூன் மூன்றாம் வாரம் வரை உண்டு. மகளுடைய பள்ளி ஆண்டு விழாவுக்கு அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து சிறகு ஒட்டினோம். கோடையில் அதே வீட்டை ஒரு வாரத்துக்கு விட்டால் உரிமையாளருக்கு வரும் பணம், எங்கள் ஒரு மாத வாடகையைவிட அதிகம். ஆகஸ்ட் முழுக்க வாடகைக்கு வீடே கிடைக்காமல் ஒரு நண்பர் வீட்டில் தங்கினோம். மகள் இன்றைக்கும் பெட்டி கட்டுவதைப் பார்த்தால் "எங்கே போறோம்?" என்று கேட்கிறாள்.

"தெம்பொராதா" என்ற சொல் ஒப்பந்தத்தில் இருந்தால் அது பருவகால வாடகை. உங்களுக்கு வேண்டியது "விவியெந்தா அபித்துவால்", அதாவது நிரந்தரக் குடியிருப்பு. உரிமையாளர் தனிநபர் என்றால் ஐந்து வருடம், நிறுவனம் என்றால் ஏழு வருடம் வரை நீங்கள் தொடர்ந்து இருக்கச் சட்டம் இடம் தருகிறது. ஒரு மாத வாடகை முன்பணம், அதற்கு மேல் கூடுதல் உத்தரவாதம் கேட்டாலும் அந்த ஐந்து, ஏழு வருட ஒப்பந்தங்களுக்கு இரண்டு மாத வாடகைதான் உச்சவரம்பு. 2023 வீட்டுவசதிச் சட்டத்துக்குப் பிறகு தரகுக் கட்டணமும் உரிமையாளர் பொறுப்பு. பருவகால ஒப்பந்தத்தில் இந்தப் பாதுகாப்பு எதுவும் கிடையாது. அதனால்தான் உரிமையாளர்கள் பலர் அந்தப் பக்கமே இழுக்கிறார்கள். கொஞ்சம் சிறிய வீடாக இருந்தாலும் சரி, வருடம் முழுவதும் இருக்கக்கூடியதை எடுங்கள்.

இம்மானுவேல், பாரிஸ்: தெனியாவில் இருக்கும் நண்பர், அங்கே பிள்ளைகள் பள்ளியில் வேறு மொழியும் படிக்க வேண்டும் என்கிறார். ஃபுவென்ஹிரோலாவிலும் அப்படியா? இடம் எப்படித் தருவார்கள்?

தெனியா வலென்சியா பிராந்தியத்தில் இருக்கிறது, அங்கே ஸ்பானிஷோடு வலென்சியனும் பாடமொழி. ஃபுவென்ஹிரோலா இருக்கும் அந்தலூசியா பிராந்தியத்தில் அந்த இரண்டாவது மொழி இல்லை. ஏற்கெனவே பத்து வயதான பிள்ளைக்கு இது பெரிய நிம்மதி.

சேர்க்கை விண்ணப்பம் மார்ச் மாதம் முழுக்க. வீடு எந்தப் பள்ளியின் எல்லைக்குள் இருக்கிறது என்பதற்குப் புள்ளிகள் உண்டு, அண்ணன் அக்கா அங்கே படித்தாலும் உண்டு. ஆகவே பள்ளியை முதலில் தேர்ந்தெடுத்துவிட்டு வீட்டைத் தேடுங்கள். நடுவருடத்தில் வந்தால் எங்கே காலியிடமோ அங்கேதான் தருவார்கள். வீடு கிடைத்ததும் முதல் வேலையாக நகராட்சியில் "எம்பத்ரோனமியென்தோ", அதாவது குடியிருப்பு முகவரிப் பதிவு செய்யுங்கள், அந்தத் தாள் இல்லாமல் பள்ளியும் நகராது, சுகாதார மையமும் நகராது. இருவரும் வேலைக்குப் போவீர்கள் என்றால், காலை 7:30 மணிக்கே பிள்ளைகளை விடும் வசதியும் மதிய உணவும் அந்தப் பள்ளியில் உண்டா என்று கேளுங்கள். எல்லாப் பள்ளியிலும் இருக்காது.

ரேவதி, துபாய்: லாஸ் லகூனாஸில் வாடகை குறைவு என்கிறார்களே?

குறைவுதான், இளம் குடும்பங்களும் நிறைய. ஃபுவென்ஹிரோலாவுக்குப் பின்னாலேயே ஒட்டியிருக்கும், ஆனால் அது மிஹாஸ் நகராட்சி. பதிவு, பள்ளி எல்லை, நூலக அட்டை எல்லாம் மிஹாஸில். ரயில் நிலையம் இல்லை, ஃபுவென்ஹிரோலா நிலையத்துக்கு நடக்கவோ பேருந்து பிடிக்கவோ வேண்டும். அது சரிப்படும் என்றால் தாராளமாகப் போங்கள், நல்ல பகுதி.

வேலைக்காக இன்னொன்று. சி-1 ரயில் விமான நிலையம் வழியாக மலாகா நடுவூருக்கு முக்கால் மணி நேரத்தில் கொண்டுபோகும். மலாகா டெக்பார்க் என்ற தொழில்நுட்பப் பூங்கா காம்பனீயாஸ் பக்கம், அங்கே இந்த ரயில் போகாது. மார்பெயாவுக்கு ரயிலே கிடையாது. இந்தப் பகுதிக்கான பெரிய அரசு மருத்துவமனை மார்பெயா பக்கம்தான் இருக்கிறது, அதையும் மனதில் வையுங்கள்.

கார்த்திக், பெங்களூரு: சத்தம் எப்படி? லோஸ் பாக்கோஸ் அமைதி என்கிறார்கள்.

அமைதிதான். ஃபின்லாந்துக்காரர்கள் நிறைய, அவர்களுடைய பள்ளியே அங்கே இருக்கிறது. கொஞ்சம் மேடு, ஆனால் தோர்ரெப்ளாங்கா அளவுக்கு இல்லை. திருவிழா மைதானத்தை ஒட்டி மட்டும் எடுக்காதீர்கள். செவ்வாய்க்கிழமைச் சந்தை அங்கேயே கூடுவது வசதி, ஆனால் அக்டோபர் முதல் பாதியில் நடக்கும் ஊர்த் திருவிழாவில் விடிய விடியப் பாட்டு.

செல்வி, கோயம்புத்தூர்: வீடு பார்க்க ஜூலையில் வரலாமா, பிப்ரவரியிலா?

பிப்ரவரி. ஜூலையில் எல்லா வீடும் நன்றாக இருக்கும். இங்கே பல வீடுகளில் சூடேற்றும் வசதி கிடையாது, தரை பளிங்கு, கடல் காற்றில் ஈரம். வடக்கு பார்த்த படுக்கையறையில் சுவர் ஓதம் பிடித்து, அலமாரிக்குப் பின்னால் பூசணம் கட்டும். மழை பெய்த மறுநாள் காலையில் போய் அலமாரியைக் கொஞ்சம் நகர்த்தச் சொல்லி, சுவரில் கை வைத்துப் பாருங்கள். மறுக்கிற வீட்டை விட்டுவிடுங்கள். தெற்கு பார்த்த பால்கனி கிடைத்தால் கறிவேப்பிலைத் தொட்டியும் அங்கேயே பிழைத்துக்கொள்ளும், எங்களுடையது என் இடுப்பு உயரம் வளர்ந்திருக்கிறது.