தமிழ்நாட்டிலிருந்து கரீனா நெபுலாவைப் பார்க்கவும் படம் பிடிக்கவும் முடியுமா?

தாராளமாக முடியும். "அது ஆஸ்திரேலியாக்காரர்களின் நெபுலா, நமக்கு ஓரியன்தான்" என்று நண்பர்கள் சொன்னதாகக் கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். நானும் பல வருடம் அப்படித்தான் நினைத்திருந்தேன். கணக்குப் போட்டுப் பார்த்த பிறகுதான் தெளிந்தது.

கரீனா நெபுலா என்ற இந்த வாயு-தூசி மேகம், வான நடுக்கோட்டுக்கு (பூமத்திய ரேகைக்கு நேர் மேலே வானில் ஓடும் கோடு) தெற்கே ஏறக்குறைய 60 டிகிரியில் இருக்கிறது. மதுரை 10 டிகிரி வடக்கில் இருப்பதால், உச்சத்துக்கு வரும்போது அங்கே அது தென் அடிவானத்திலிருந்து 20 டிகிரி உயரத்தில் நிற்கும். கையை நீட்டி இரண்டு முஷ்டிகளை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தால் அந்த உயரம். கன்னியாகுமரியில் 22, சென்னையில் 17. டெல்லியில் 2 டிகிரிகூட இல்லை. காவலூரில் வைணு பாப்பு வானாய்வகத்தை அமைக்க ஜவ்வாது மலையைத் தேர்ந்தெடுத்ததற்கு, தென்வானம் நன்றாகத் தெரியும் என்பதும் ஒரு காரணம். அதே வசதி நம் வீட்டு மொட்டைமாடிக்கும் இருக்கிறது.

கண்டுபிடிப்பதில் நான் முதலில் தவறிய இடம் போலிச் சிலுவை. அகத்தியர் விண்மீனுக்கும் திரிசங்குக்கும் (இதுதான் அசல் தென்சிலுவை) நடுவே அசல் சிலுவை போலவே நான்கு விண்மீன்கள் இருக்கும். அதை நம்பிப் பக்கத்தில் தேடி இரண்டு இரவுகளை இழந்தேன். உண்மையான சிலுவை அளவில் சிறியது, விண்மீன்கள் நெருக்கமானவை. அது எழுந்து நிற்கும்போது, அங்கிருந்து வலதுபக்கம் ஒரு முஷ்டிக்குச் சற்று அதிகமான தூரத்தில் பைனாகுலரை மெல்ல நகர்த்துங்கள். மங்கலான வெள்ளைப் புகை போல ஒன்று அகப்படும். 10x50 பைனாகுலரிலேயே அதை வெட்டிச் செல்லும் கறுப்புத் தூசிப் பட்டை தெரிந்தால் வானம் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

கண்ணுக்குச் சிவப்பு தெரியாது. இருட்டில் வேலை செய்யும் விழித்திரைச் செல்களுக்கு நிறம் பிரித்தறியும் திறன் இல்லை, அதனால் எல்லாமே சாம்பல்தான். ஆனால் நடுவில் இருக்கும் ஈட்டா கரீனாவைச் சின்னத் தொலைநோக்கியில் பாருங்கள், அது ஆரஞ்சாகத் தெரியும். 1843-ல் வானத்திலேயே சிரியஸுக்கு அடுத்த பிரகாசமாக எரிந்த விண்மீன் அது. அன்று வீசியெறிந்த தூசிக்குள் தன்னை மூடிக்கொண்டிருக்கிறது. முதல்முறை அந்த ஆரஞ்சுப் புள்ளியைப் பார்த்தபோது கண்ணை எடுக்க மனம் வரவில்லை.

சரி, படத்துக்கு வருவோம். இங்கே பெரிய எதிரி காற்று. 20 டிகிரி உயரத்தில் இருக்கும் ஒளி, தலைக்கு மேலிருந்து வரும் ஒளியைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு காற்றைக் கடந்து வருகிறது. தெற்கே கடல்தானே, இருட்டாக இருக்குமே என்று முதலில் கன்னியாகுமரிப் பக்கம் போனேன். ஈரப்பதமும் மீன்பிடிப் படகுகளின் வெளிச்சமும் சேர்ந்து அடிவானம் முழுக்கப் பால் ஊற்றியது போல ஆகிவிட்டது. லென்ஸில் பனி வேறு. அடுத்த வருடம் கொடைக்கானல் போனேன். ஊருக்குள்ளிருந்து தெற்கே பார்த்தால் பெரியகுளம், தேனி வெளிச்சம் ஏறி வந்தது. மேல்மலைப் பக்கம் மன்னவனூர் வரை போனபிறகுதான் வானம் திறந்தது. கடலைவிட மலை நல்லது என்பேன்.

டிராக்கர் (விண்மீன்களின் நகர்வுக்கு ஏற்பக் கேமராவைத் திருப்பும் கருவி) இல்லாவிட்டாலும் தயங்க வேண்டாம். துருவத்தை நெருங்க நெருங்க விண்மீன்கள் மெதுவாக நகரும். கரீனா இருக்கும் இடத்தில் ஓரியனின் பாதி வேகம்தான். 50 மி.மீ. லென்ஸில் ஓரியனுக்கு இரண்டரை வினாடி கொடுத்தால் இதற்கு 5 வினாடி கொடுக்கலாம். அப்படி 300, 400 படங்கள் எடுத்து சிரில் மென்பொருளில் அடுக்கினாலே நெபுலா வந்துவிடும்.

டிராக்கர் இருந்தால் இன்னொரு சிக்கல். அதன் அச்சைத் துருவ விண்மீனை நோக்கித் திருப்பி வைக்க வேண்டும். அதுவோ நமக்கு வெறும் 10 டிகிரி உயரத்தில்தான் இருக்கிறது, ஒரு தென்னை மரம் போதும் மறைக்க. அதனால் தெற்கு மட்டும் பார்த்து இடம் பிடிக்காதீர்கள், வடக்கும் திறந்திருக்க வேண்டும். துருவ அச்சு அவ்வளவு படுத்திருப்பதால் எதிர்எடைக் கம்பி ஸ்டாண்டின் காலில் இடிக்கும். முன்கூட்டியே காலைத் திருப்பி வைத்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் இருப்பது பழைய டிஎஸ்எல்ஆர், 135 மி.மீ. லென்ஸ். அந்த ஃபிரேமில் நெபுலாவும் பக்கத்து விண்மீன் கொத்துகள் இரண்டும் ஒன்றாக அடங்கும். 40 வினாடி வீதம் 110 படங்கள் எடுத்தேன். நெபுலா 15 டிகிரிக்கு மேல் இருப்பது ஓர் இரவில் நாலரை மணி நேரம்தான், மற்ற நேரத்துப் படங்களை நான் சேர்ப்பதில்லை. கடையில் வாங்கியபடியே இருக்கும் கேமராவில், சென்சாருக்கு முன்னால் உள்ள வடிகட்டி ஹைட்ரஜனின் 656 நானோமீட்டர் சிவப்பில் பெரும்பகுதியை வெட்டிவிடும். அதனால் ரத்தச் சிவப்புக்குப் பதில் இளஞ்சிவப்பு கிடைக்கும். எனக்கு அதுவே பிடித்திருக்கிறது. ஃபிளாட் படங்களை (லென்ஸின் ஓர இருட்டைச் சரிசெய்ய, சீரான வெளிச்சத்தை நோக்கி எடுப்பவை) மட்டும் விட்டுவிடாதீர்கள். ஃபிரேமின் அடிப்பக்கம் அடிவானப் பழுப்பு ஏறியிருக்கும். அதை நீக்கும்போது லென்ஸின் ஓர இருட்டும் கலந்திருந்தால் எது எதுவென்று பிரிக்க முடியாது.

ஓரியன் நெபுலா சுமார் 1,350 ஒளியாண்டு தூரத்தில், 24 ஒளியாண்டு அகலத்தில் இருக்கிறது. கரீனா 7,500 ஒளியாண்டுக்கு அப்பால் இருந்தும், வானத்தில் நிலாவைப் போல நான்கு மடங்கு அகலம் பிடிக்கிறது. உள்ளே பிறந்த இளம் விண்மீன்களின் புறஊதா ஒளிதான் அத்தனை வாயுவையும் ஒளிர வைக்கிறது. 2022 ஜூலையில் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் முதல் படங்களில் வந்த அந்தப் பாறை முகடு போன்ற காட்சி, இதன் வடமேற்கு ஓரம். உங்கள் படத்திலும் அந்த மூலை ஒரு சின்னச் சிவப்புத் திட்டாக விழும். தேடிப் பாருங்கள்.

மாசி அமாவாசையை ஒட்டிப் போனால் நள்ளிரவுக்கு உச்சத்தில் இருக்கும். கண்விழிக்க முடியாதவர்களுக்குச் சித்திரை தொடக்கம் வசதி, இரவு ஒன்பதரைக்குள் உச்சத்துக்கு வந்துவிடும். ஆனால் அப்போது கோடைப் புழுதி ஏறியிருக்கும், அதனால் நான் மாசிக்கே விடுப்பு எழுதிவிடுவேன்.