அம்மா தினமும் நிலவாகைப் பொடி சாப்பிடுகிறார், மூலிகைதானே, பயமில்லையா?

கேள்வி: எங்கள் ஊர் முக்கூடல் பக்கம். அம்மாவுக்கு 63 வயது, இன்னும் பீடி சுற்றுகிறார். மலச்சிக்கலுக்காக மூன்று நான்கு வருடமாக ராத்திரி வெந்நீரில் நிலவாகைப் பொடி கலக்கிக் குடிக்கிறார். முதலில் கால் கரண்டி போதும், இப்போது முழுக் கரண்டி போட்டால்தான் போகிறது. சில மாதமாகக் கெண்டைக்கால் பிடித்து இழுக்கிறது, படி ஏறினால் தளர்ந்துபோகிறார். மற்றபடி பிரஷர் மாத்திரை மட்டும்தான். பொடியை நிறுத்தச் சொன்னால், ‘இது மூலிகைதான, வெளிநாட்டுக்காரனே ஆராய்ச்சி பண்ணி நல்லதுன்னு சொல்லிட்டான்’ என்று வாட்ஸ்அப்பில் வந்ததைக் காட்டுகிறார். கீழாநெல்லி மஞ்சள் காமாலையைக் குணமாக்குவதும் நிரூபணமாகிவிட்டதாம், அதே செய்தியில் இருக்கிறது. ஏழு மாதக் கர்ப்பிணியான என் தங்கைக்கும் இந்தப் பொடியைக் கொடுக்கப் பார்க்கிறார். என்ன சொல்லிப் புரியவைப்பது?

பதில்: உங்கள் அம்மா சொல்வது பாதி சரி. நிலவாகையை வெளிநாட்டில் ஆராய்ந்ததும் உண்மை, நன்றாக வேலை செய்யும் என்று கண்டுபிடித்ததும் உண்மை. இப்படி அளவில்லாமல், வருடக்கணக்கில் சாப்பிடக் கூடாது என்பதும் அதே ஆராய்ச்சிகளில் இருந்து வந்ததுதான். வாட்ஸ்அப் செய்தி அந்த மீதிப் பாதியை விட்டுவிட்டது.

ஆராய்ச்சியைப் பிறகு பேசலாம். கெண்டைக்கால் இழுப்பும் தளர்ச்சியும்தான் எனக்கு உறுத்துகிறது. நாள்தோறும் பேதியாகும்போது மலத்தோடு பொட்டாசியம் என்ற உப்பும் வெளியே போகிறது. இரத்தத்தில் அது லிட்டருக்கு 3.5 மில்லிமோலுக்குக் கீழே இறங்கினால் தசை பிடிக்கும், உடம்பு தளரும்; இன்னும் இறங்கினால் இதயத் துடிப்பு தாறுமாறாகும். இந்த வாரத்திலேயே இரத்தம் கொடுத்து சோடியம், பொட்டாசியம், கிரியாட்டினின், தைராய்டு, சர்க்கரை, கால்சியம், ஹீமோகுளோபின் இத்தனையும் பாருங்கள். நெஞ்சு படபடத்தாலோ, எழுந்து நிற்க முடியாத அளவுக்குத் தளர்ந்தாலோ பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்க வேண்டாம், நேராக ஆஸ்பத்திரிக்குப் போய் இசிஜி எடுங்கள்.

அப்புறம், பிரஷர் மாத்திரையின் அட்டையை எடுத்துப் பாருங்கள். பெயருக்குப் பின்னால் ‘எச்’ என்ற ஆங்கில எழுத்தோ, உள்ளடக்கத்தில் ஹைட்ரோகுளோரோதயசைடு அல்லது குளோர்தாலிடோன் என்றோ இருந்தால், அது சிறுநீர் வழியாகப் பொட்டாசியத்தை இறக்கும் மருந்து. மேலே ஒரு ஓட்டை, கீழே ஒரு ஓட்டை என்றால் பானையில் என்ன நிற்கும்? அதற்காக நீங்களாகப் பிரஷர் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். எழுதிக்கொடுத்த டாக்டரிடம், ‘அம்மா தினமும் நிலவாகை சாப்பிடுகிறார்’ என்ற ஒரு வரியைச் சொல்லுங்கள். மாத்திரையை மாற்றுவதா வேண்டாமா என்று அவர் முடிவு செய்வார். நம் பக்கத்தில் நோயாளிகள் இந்த ஒரு வரியைத்தான் சொல்வதே இல்லை. ‘வேறு என்ன மருந்து எடுக்கிறீர்கள்’ என்று கேட்டால் ‘ஒண்ணும் இல்லய்யா’ என்பார்கள். பொடி, லேகியம், கஷாயம் எல்லாம் அவர்கள் கணக்கில் மருந்தே கிடையாது.

நிலவாகையோ முழு மருந்து. மருந்தியல் புத்தகங்களில் இதற்கு ‘டின்னெவெல்லி சென்னா’ என்றே பெயர். பழைய திருநெல்வேலி மாவட்டத்து வானம் பார்த்த நிலங்களில் விளைந்து, தூத்துக்குடித் துறைமுகம் வழியாக உலகமெல்லாம் போன சரக்கு இது. இலையை அழுத்திப் பொதியாகக் கட்டுவதால் அதன்மேல் குறுக்குக் கோடுகள் பதியும். அந்தக் கோட்டை வைத்து எகிப்து, சூடான் பக்கத்துச் சரக்கிலிருந்து நம் ஊர் இலையைப் பிரித்தறிய மருந்தியல் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள்.

இதிலுள்ள வேலை செய்யும் பொருளை 1941-இல் சுவிட்சர்லாந்தில் பிரித்தெடுத்தார்கள். பெயர் சென்னோசைடு. இது எப்படி வேலை செய்கிறது என்பது சுவாரசியமான கதை. சாப்பிட்ட சென்னோசைடு இரைப்பையையும் சிறுகுடலையும் அப்படியே தாண்டிப் பெருங்குடலுக்குப் போய்விடும். அங்கே வசிக்கும் பாக்டீரியாக்கள்தான் அதை உடைத்து வேறு பொருளாக மாற்றுகின்றன. அந்தப் பொருள்தான் பெருங்குடலைச் சுருங்கி விரியத் தூண்டி, மலத்திலிருந்து தண்ணீர் உறிஞ்சப்படுவதையும் குறைக்கிறது. குடலில் கிருமியே இல்லாமல் வளர்த்த எலிகளை வைத்து இதைச் சோதித்தார்கள். சென்னோசைடு கொடுத்தும் அவற்றுக்குப் பேதியாகவில்லை. அதை உடைக்கத் தெரிந்த பாக்டீரியாவைக் குடலில் சேர்த்துவிட்டுக் கொடுத்தபோது பேதியானது. ராத்திரி குடித்தால் காலையில் போவதும் இதனால்தான். பெருங்குடல் வரை போய் உடைபட ஆறிலிருந்து பன்னிரண்டு மணி நேரம் ஆகிறது.

மனிதர்களிடமும் சோதித்திருக்கிறார்கள். ஜப்பானில் நாள்பட்ட மலச்சிக்கல் உள்ள 90 பேரை மூன்று குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு சென்னா, ஒரு குழுவுக்கு மெக்னீசியம் ஆக்சைடு, ஒரு குழுவுக்கு மருந்தே இல்லாத வெற்று மருந்து என்று 28 நாள் கொடுத்தார்கள். சென்னா எடுத்தவர்களில் பத்துக்கு ஏழு பேருக்குக் குணம் தெரிந்தது, வெற்று மருந்தில் பத்துக்கு ஒருவருக்குத்தான். 2023-இல் அமெரிக்கக் குடல்நோய் மருத்துவச் சங்கங்கள் வெளியிட்ட வழிகாட்டுதலிலும் சென்னாவுக்கு இடம் உண்டு. ஆனால் சோதனை நடந்தது நான்கு வாரம். அதுவும் மில்லிகிராம் கணக்கில் அளந்த மருந்தில்.

உங்கள் வீட்டுக் கரண்டிக்கு வருவோம். ஒரு தேக்கரண்டிப் பொடி 2 கிராம் தேறும். நல்ல இலையில் சென்னோசைடு நூற்றுக்கு இரண்டரை பங்கு இருக்கும். ஆக 50 மில்லிகிராம். கடையில் விற்கும் சென்னா மாத்திரை ஒன்றில் இருப்பது சுமார் 12 மில்லிகிராம். அதாவது அம்மா தினமும் நான்கு மாத்திரை விழுங்குகிறார். ஐரோப்பாவில் பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் கூடாது, டாக்டரைக் கேட்காமல் ஒரு வாரத்துக்கு மேலும் கூடாது என்று வைத்திருக்கிறார்கள். இதிலும் ஒரு சிக்கல், 50 என்பது நல்ல இலைக்கான கணக்கு. பழைய இலையாக இருந்தாலோ, ஆவாரை இலை கலந்திருந்தாலோ குறையும். ஒரு பொட்டலத்தில் ஒன்றுமே ஆகாது, அடுத்த பொட்டலத்தில் வயிறு பிய்த்துக்கொண்டு போகும். நாட்டு மருந்துக் கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை, பொடியைப் பார்த்து அவராலும் அளவு சொல்ல முடியாது.

கால் கரண்டி முழுக் கரண்டியானது ஏன்? தினமும் இதை எடுத்தால் குடல் நரம்பே செத்துவிடும் என்று முன்பு பயமுறுத்துவார்கள். சரியான அளவில் எடுப்பவர்களுக்கு அப்படி ஆகும் என்பதற்கு வலுவான சான்று இல்லை. உங்கள் அம்மா விஷயத்தில் நான் சந்தேகப்படுவது வேறு. பொட்டாசியம் குறைந்தால் குடல் தசையும் சோர்ந்துபோகும், மலச்சிக்கல் கூடும். கூடியதும் பொடியைக் கூட்டுவோம், பொட்டாசியம் இன்னும் குறையும். பரிசோதனையில் பொட்டாசியம் குறைவு என்று வந்தால் அதைச் சரிசெய்தாலே பாதி மலச்சிக்கல் போய்விடலாம்.

பொட்டாசியம் சரியாக இருந்தால் பொடியை ஒரேயடியாக நிறுத்த வேண்டாம், வயிறு கட்டிக்கொண்டு அம்மா மூன்றாம் நாளே கரண்டியைத் தேடுவார். இரண்டு வாரம் அரைக் கரண்டி, அடுத்த இரண்டு வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள், அப்புறம் தேவைப்படும் நாளில் மட்டும் டாக்டர் சொல்லும் மாத்திரை. கூடவே இசப்கோல் உமி ஒரு கரண்டி, ஒரு பெரிய டம்ளர் தண்ணீரில் கலந்து உடனே குடிக்க வேண்டும். தண்ணீர் குறைந்தால் அதுவே அடைத்துக்கொள்ளும். இது போதாவிட்டால் லாக்டுலோஸ் போன்ற மருந்துகள் இருக்கின்றன. இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம் மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாரா என்றும் பாருங்கள், இரண்டும் மலத்தைக் கட்டும்.

பீடி சுற்றுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். மலச்சிக்கலின் வேரே அங்கேதான் இருக்கலாம். மடியில் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் எண்ணிக்கை முடியும்வரை எழுந்திருப்பதில்லை. எழுந்தால் கை வேகம் போய்விடும் என்று தண்ணீரும் குடிப்பதில்லை. காலையில் வயிறு கூப்பிடும் நேரத்தை அடக்கிவிட்டு வேலையில் உட்காருவார்கள். பக்கத்தில் ஒரு செம்பு தண்ணீர், மணிக்கொரு முறை வாசல்வரை ஒரு நடை, காலைக் காபி குடித்த கையோடு கழிப்பறை. இந்த மூன்றையும் ஒரு மாதம் பிடிவாதமாகச் செய்யச் சொல்லுங்கள். வெஸ்டர்ன் டாய்லெட் என்றால் காலுக்கடியில் ஒரு மணைக்கட்டை போடுங்கள்.

மலத்தில் இரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, இரத்தசோகை இவற்றில் ஒன்று இருந்தாலும், அல்லது இந்த மலச்சிக்கலே ஐம்பது வயதுக்கு மேல் புதிதாக வந்தது என்றாலும், கொலனோஸ்கோபி (குழாய் கேமரா விட்டுப் பெருங்குடலைப் பார்ப்பது) பற்றி டாக்டரிடம் கேட்க வேண்டும். அப்படிப் பார்க்கும்போது குடலின் உள்சுவர் கருத்திருக்கிறது என்று ரிப்போர்ட் வந்தால் பதற வேண்டாம். சென்னா தொடர்ந்து எடுப்பவர்களுக்கு அந்தக் கறை விழும்; புற்றுநோய் அல்ல, நிறுத்தினால் மாதக்கணக்கில் மறையும்.

கீழாநெல்லி கதை வேறு. 1988-இல் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ‘லான்செட்’ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கல்லீரலைத் தாக்கிக் காமாலை வரவைக்கும் ஹெபடைடிஸ் பி கிருமியைச் சுமப்பவர்களுக்கு 30 நாள் கீழாநெல்லிப் பொடி கொடுத்ததில் 37 பேரில் 22 பேருக்குக் கிருமியின் அடையாளப் புரதம் இரத்தத்தில் இல்லாமல் போனது. வெற்று மருந்து எடுத்த 23 பேரில் ஒருவருக்குத்தான். உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு வேறு நாடுகளில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. பல சோதனைகளைச் சேர்த்துப் பார்த்த 2011-ஆம் ஆண்டு ஆய்வும் போதிய சான்று இல்லை என்றே முடித்தது. ‘ஆராய்ச்சி நடந்தது’ என்பதும் ‘நிரூபணமானது’ என்பதும் ஒன்றல்ல. இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: ஹெபடைடிஸ் ஏ போன்றவற்றால் வரும் காமாலை பெரும்பாலும் தானாகவே இறங்கிவிடும், அந்த நேரத்தில் என்ன குடித்தாலும் பேர் அதற்குத்தான் போகும். காமாலையில் மயக்கமோ, பிதற்றலோ, விடாத வாந்தியோ இருந்தால் கீழாநெல்லியை அரைத்துக்கொண்டு நேரம் கடத்தக் கூடாது.

அம்மாவுக்கு என் பேச்சில் நம்பிக்கை வராவிட்டால், பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரிக்குக் கூட்டிப்போய்க் காட்டுங்கள். நான்கு மாதத்துக்கு ஒருமுறை பேதி என்பதுதான் சித்த மருத்துவத்தின் பழைய கணக்கு. நிலவாகைச் சூரணத்தில்கூட முறுக்கைத் தணிக்க சுக்கும் ஓமமும் சேர்த்துத்தான் செய்வார்கள். வெறும் இலைப்பொடியைத் தினமும் கரண்டி கரண்டியாகக் கரைத்துக் குடிக்கச் சொல்லும் சித்த மருத்துவர் யாரையும் நான் பார்த்ததில்லை.

தங்கைக்கு இந்தப் பொடி வேண்டவே வேண்டாம். ஏழாம் மாதத்தில் அளவு தெரியாத பேதி மருந்து வயிற்றை முறுக்கினால் அது குடல் வலியா பிரசவ வலியா என்று பிரித்தறிவதே கஷ்டமாகிவிடும். நீர் வற்றுவதும் நல்லதல்ல. அந்த மாதத்தில் மலச்சிக்கல் வருவது சகஜம்தான், இரும்புச்சத்து மாத்திரையால் இன்னும் கூடும். அதற்காக அந்த மாத்திரையை விட்டுவிட வேண்டாம். அடுத்த செக்கப்பில் சொன்னால் மகப்பேறு மருத்துவரே இசப்கோலோ லாக்டுலோஸோ எழுதித் தருவார்.