மோன்சா பந்தயத்துக்காகப் புதிய டிவி வாங்கலாமா?

கேள்வி: வரும் செப்டம்பர் 6-ஆம் தேதி இத்தாலியின் மோன்சாவில் நடக்கும் ஃபார்முலா 1 கார் பந்தயத்தை நண்பர்கள் பத்துப் பேர் எங்கள் வீட்டில் கூடிப் பார்க்க இருக்கிறோம். எங்களிடம் இருப்பது ஆறாண்டுப் பழைய 43 அங்குல டிவி. “இவ்வளவு வேகமான பந்தயத்துக்கு 120 ஹெர்ட்ஸ் டிவி இல்லாவிட்டால் கார் மங்கலாகத்தான் தெரியும்” என்று கடைக்காரர் சொல்கிறார். பழையதை எடுத்துக்கொண்டு 55 அங்குல டிவி தருவதாகவும் சொல்கிறார். வாங்கலாமா? சந்தாவை ஓராண்டுக்குக் கட்டுவதா, ஒரு பந்தயத்துக்கு மட்டும் கட்டுவதா?
— தங்கச்சிமடம் வாசகர்

பதில்: இந்த ஒரு பந்தயத்துக்காக என்றால் வாங்க வேண்டாம். கடைக்காரர் சொல்வதில் பாதி உண்மை இருப்பதால்தான் விளக்கமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மோன்சாவின் நேர்ப்பாதையில் கார்கள் மணிக்கு 350 கிலோமீட்டரை ஒட்டி ஓடும். அதாவது வினாடிக்கு ஏறத்தாழ 97 மீட்டர். பந்தயத்தின் ஒளிபரப்பு வினாடிக்கு 50 பிரேம்களாக, அதாவது 50 தனித்தனிப் படங்களாகத் தயாராகிறது என்பதால், ஒரு பிரேமுக்கும் அடுத்த பிரேமுக்கும் இடையில் கார் கிட்டத்தட்ட 2 மீட்டர் நகர்ந்துவிடுகிறது. 120 ஹெர்ட்ஸ் டிவி, அதாவது வினாடிக்கு 120 முறை படத்தைப் புதுப்பிக்கும் டிவி வாங்கினாலும் வரும் பிரேம்கள் அவ்வளவுதான். நடுவில் உள்ளவற்றை டிவி தானே கற்பனை செய்து நிரப்புகிறது. சிலருக்கு அது வழவழப்பாகத் தெரியும், சிலருக்கு நாடகம் பார்ப்பதுபோல் இருக்கும். வேகம் கண்ணுக்குத் தெரிவதும் தெரியாததும் பெரும்பாலும் கேமரா வைத்த இடத்தைப் பொறுத்தது. காரோடு சேர்ந்து திரும்பும் கேமராவில் கார் தெளிவாகவும் பின்னணி மங்கலாகவும் இருப்பது எந்த டிவியிலும் இயல்பே. டிவி பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்டிருக்கும் ‘மோஷன்’ என்ற விளம்பர எண்ணையும் நம்ப வேண்டாம். பேனலின், அதாவது திரையின் உண்மையான ஹெர்ட்ஸ் எவ்வளவு என்று கேட்டு, அதை பில்லிலோ விவரக் கையேட்டிலோ காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

மற்றொன்றையும் கணக்கில் கொள்ளுங்கள். 5.793 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தத் தடத்தை 53 முறை சுற்றினால் பந்தயம் முடிந்துவிடும். 2025-இல் வென்ற ஓட்டுநர் வெர்ஸ்டாப்பன் அதை 1 மணி 13 நிமிடம் 24 வினாடியில் முடித்தார். முழுத் தூரம் ஓடிய ஃபார்முலா 1 பந்தயங்களில் அதைவிட விரைவாக முடிந்தது வேறில்லை. இந்த ஆண்டு புதிய விதிகளின்படி காரின் ஆற்றலில் ஏறத்தாழ பாதி மின்சாரத்திலிருந்து வருகிறது. பிரேக் பிடிக்கும்போதுதான் பேட்டரி அதிகமாக நிரம்பும். மோன்சாவிலோ பிரேக் பிடிக்கும் இடங்கள் மிகக் குறைவு. ஆகவே யார் வெல்வார் என்பதைவிட, நேர்ப்பாதையின் பாதியிலேயே யாருடைய பேட்டரி தீர்ந்துபோகும் என்பதே எனக்குப் பெரிய எதிர்பார்ப்பு. பந்தயம் தடைபடாவிட்டால் ஒன்றேகால் மணி நேரம், மிஞ்சிப்போனால் ஒன்றரை மணி நேரம். 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிகளுக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28-லிருந்து 18 விழுக்காடாகக் குறைந்துவிட்டது. தீபாவளித் தள்ளுபடிக் காலமும் அடுத்து வருகிறது. இப்போது அவசரப்படுவதால் உங்களுக்கு எந்த ஆதாயமும் இல்லை.

செலவு செய்ய வேண்டிய இடம் இணையம்தான். 2024 முதல் இந்தியாவில் இந்தப் பந்தயம் ஃபேன்கோட் செயலியில் வருகிறது. வினாடிக்கு 5 மெகாபிட் அளவில் தெளிவான படம் பார்த்தால் ஒரு மணி நேரத்துக்கு 2 ஜிபிக்குச் சற்று மேல் செலவாகும். நாளொன்றுக்கு 2 ஜிபி தரும் பேக்கை வைத்துக்கொண்டு செல்போன் ஹாட்ஸ்பாட்டில் டிவியை ஓட்டினால், அன்று அதுவரை ஒரு துளி டேட்டாவைக்கூடத் தொடாமல் இருந்தால்கூட, ஏறக்குறைய 38-ஆவது சுற்றில் படம் நின்றுபோகும். கடைசி 15 சுற்றுகளை யாரோ தொலைபேசியில் சொல்லக் கேட்க நேரிடும். பந்தயம் வழக்கம்போல் அங்கே பிற்பகல் 3 மணிக்குத் தொடங்கினால் நமக்கு மாலை 6.30 மணி. சனிக்கிழமை கடலுக்குப் போன விசைப்படகுகள் எல்லாம் கரை திரும்பி, ஊரே வீட்டில் செல்போனோடு இருக்கும் ஞாயிற்றுக்கிழமை மாலை என்பதால், செல்போன் கோபுரத்தை நம்புவது புத்திசாலித்தனம் அன்று. அக்கம்பக்கத்தில் ஃபைபர் இணைப்பு உள்ள வீட்டில் கூடுங்கள். மின்வெட்டுக்கு டிவியோடு மோடத்தையும் இன்வெர்ட்டரில் இணைத்துவிடுங்கள். மோடத்தை மறந்துவிடுகிறவர்களே அதிகம்.

சந்தாவைப் பொறுத்தவரை, நண்பர்கள் கூடும்போது மட்டும் பார்ப்பவர் என்றால் அந்த வார இறுதிக்கு மட்டும் கட்டும் வசதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். டிசம்பர் தொடக்கம் வரை ஒவ்வொரு பந்தயத்தையும் பார்ப்பவர் என்றால் நீண்ட சந்தா லாபம். ஆனால் ‘ஓராண்டு’ என்பது வாங்கிய நாளிலிருந்து 365 நாளா, பந்தயப் பருவம் முடியும் வரையா என்பதைப் பணம் கட்டும் முன் படித்துக்கொள்ளுங்கள்.

தீபாவளிக்கு டிவி வாங்குவதானால் ஒரு வார்த்தை: உப்புக்காற்றால் ஏற்படும் துருவுக்கு வாரண்டி உண்டா என்பதை எழுத்தில் கேளுங்கள். பல வாரண்டி அட்டைகளில் அது விலக்கப்பட்டிருக்கும். கடல் பக்கச் சன்னலுக்கு எதிரே மாட்டவும் வேண்டாம்.

கேள்வி: துபாயில் வேலை செய்யும் என் மகன் மோன்சாவுக்கே நேரில் போக ஆசைப்படுகிறான். சமூக ஊடகத்தில் ஒருவர் “டிக்கெட், விசா இரண்டும் உறுதி, இன்னும் 2 இடங்கள்தான் இருக்கின்றன” என்று சொல்லி, முழுத் தொகையையும் தம் கணக்குக்கு யுபிஐ வழியாக அனுப்பச் சொல்கிறார். அனுப்பலாமா?
— கீழக்கரை வாசகி

பதில்: அனுப்பாதீர்கள், அம்மா. விசாவை உறுதியாகத் தருவதாகச் சொல்லும் அதிகாரம் இத்தாலியத் தூதரகத்தைத் தவிர வேறு யாருக்கும் இல்லை. அந்த ஒரு வாக்கியமே அந்த ஆளைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. உங்கள் மகன் துபாயில் வசிப்பதால் ஷெங்கன் விசாவுக்கு (இத்தாலி உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா) அங்கிருந்தே விண்ணப்பிக்க வேண்டும். பெரியவர்களுக்கான கட்டணம் 90 யூரோ. முடிவு தெரிய வழக்கமாக 15 நாள் ஆகும் என்பதால் நாளைக் கடத்த வேண்டாம்.

டிக்கெட்டைப் பந்தயத் தடத்தின் அதிகாரப்பூர்வத் தளத்தில் கிரெடிட் கார்டு வழியாக வாங்கச் சொல்லுங்கள். டிக்கெட் வராவிட்டால் வங்கியிடம் முறையிட்டுப் பணத்தைத் திரும்பக் கேட்க அதில் வழியுண்டு. தனிமனிதர் கணக்குக்கு அனுப்பிய பணத்துக்கு அந்த வழி இல்லை. ஏற்கெனவே முன்பணம் ஏதும் இங்கிருந்து அனுப்பியிருந்தால், ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.

மலிவான டிக்கெட்டில் இருக்கை கிடையாது. புல்வெளியில் இடம் பிடித்து நிற்க வேண்டும். நேர்ப்பாதையில் வேகம் கூடிய கார்கள் முந்தப் பார்க்கும் முதல் வளைவுக்கு அருகில் இடம் கிடைத்தால் விட்டுவிட வேண்டாம் என்பது என் யோசனை. தொண்டிப் பக்கத்துப் பாய்மரப் படகுப் போட்டியில் முன்னால் போகும் படகின் காற்று மறைவில் சிக்கிய படகு பின்தங்கிவிடும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். மோன்சாவில் நேர்மாறு: முன்னால் போகும் கார் காற்றைக் கிழித்துத் தருவதால் பின்னால் வருவதற்கு வேகம் கூடுகிறது. 1971-இல் முதல் ஐந்து கார்கள் 0.61 வினாடிக்குள் முடித்ததும், அவற்றில் ஒன்றை ஓட்டிய பீட்டர் கெத்தின் 0.01 வினாடி வித்தியாசத்தில் வென்றதும் அதனால்தான்.

கேள்வி: சென்ற ஆண்டு ஒரு செயலியில் ஒரே ஒரு பந்தயம் பார்க்கப் பணம் கட்டினேன். இந்த ஆண்டு என்னைக் கேட்காமலேயே ஓராண்டுச் சந்தாவைப் பிடித்துவிட்டார்கள். திரும்பக் கிடைக்குமா?
— தேவிபட்டினம் வாசகர்

பதில்: முதலில் உங்கள் யுபிஐ செயலியில் ‘ஆட்டோபே’ பகுதிக்குச் சென்று அந்த அனுமதியை ரத்து செய்யுங்கள். தானாகப் பணம் பிடிப்பதற்கு 24 மணி நேரம் முன்பே தகவல் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அப்படி ஏதும் வந்ததா என்று குறுஞ்செய்திகளைத் தேடிப் பாருங்கள். ரத்து செய்ய முடியாதபடி வாடிக்கையாளரைச் சந்தாவில் மாட்டிவைப்பது நுகர்வோர் பாதுகாப்புக்கான 2023-ஆம் ஆண்டு வழிகாட்டுதல்களின்படி தடை செய்யப்பட்ட தந்திரம். நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் அனுப்பி, பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். அதற்கும் அசையாவிட்டால் இராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம். நிறுவனம் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் இடத்தில் வழக்குப் போட 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. நீங்கள் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக் கட்டணம் இல்லை, வழக்குப் போடக் காலக்கெடு 2 ஆண்டுகள். பணம் பிடித்த நாளின் வங்கிக் கணக்கு விவரத்தை இப்போதே ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.