எல்லையில் பதற்றம், வீட்டில் டாப்-அப் லோன்

கேள்வி: எல்லையில் பதற்றம் என்று செய்தி வந்தாலே எனக்குத் தூக்கம் போய்விடுகிறது. 2025 மே மாதம் பாகிஸ்தானோடு சண்டை நடந்தபோது, 9-ம் தேதி காலையில் 2 லட்ச ரூபாய் ஈக்விட்டி ஃபண்டை விற்றேன்; அது மகளின் கல்லூரிக் கட்டணத்துக்குப் போய்விட்டது. "போர் வந்தா தங்கம்தான் மாப்ளே" என்று மனைவியின் அண்ணன் சொன்னதால், 14% வட்டியில் 5 லட்சம் தனிநபர் கடன் எடுத்து, ஒரு செயலியில் டிஜிட்டல் தங்கம் வாங்கினேன். இன்று விற்றால் 5.9 லட்சம் கிடைக்கும் என்கிறது செயலி. மறுபடி போர்ப் பேச்சு எழுந்திருப்பதால், இருக்கும் கடனுக்கு மேலேயே 4 லட்சம் கூடுதல் கடன், அதாவது டாப்-அப் லோன், எடுத்து இன்னும் வாங்கச் சொல்கிறார் மைத்துனர். ராணுவத் தளவாடக் கம்பெனிகளின் பங்குகளில் போடும் டிஃபென்ஸ் ஃபண்டும் நல்லது என்கிறார். சம்பளம் 62,000. வீட்டுக் கடன் தவணை 21,000. இந்தக் கடனுக்கு 17,000. ஆறு தவணை கட்டிவிட்டேன். என்ன செய்யலாம்?

பதில்: டாப்-அப் வேண்டாம். வங்கியிலிருந்து போன் வந்தாலும் வேண்டாம்.

ஃபண்டை விற்றதைப் பற்றி அதிகம் பேசப் போவதில்லை. நீங்கள் விற்ற வெள்ளிக்கிழமை சென்செக்ஸ் 880 புள்ளி விழுந்தது. மறுநாள் மாலையே சண்டை நிறுத்தம். திங்கட்கிழமை 2,975 புள்ளி ஏறியது. உத்தேசமாக 7,500 ரூபாய் போயிற்று, அவ்வளவுதான்.

எனக்குக் கவலை தருவது உங்கள் தங்க லாபம். முதல் தடவை நஷ்டம் வந்திருந்தால் இந்தக் கடிதத்தையே எழுதியிருக்க மாட்டீர்கள். போருக்குப் பயந்து கடன் வாங்கினீர்கள், தங்கம் ஏறியது. ஆனால் நான்கு நாளில் ஓய்ந்த சண்டைக்காகவா அது மாதக்கணக்கில் ஏறியது? உலக மத்திய வங்கிகள் வாங்கிக் குவித்தது, அமெரிக்க வட்டிக் குறைப்பு, ரூபாயின் சரிவு என்று காரணங்கள் வேறு. 2012-ல் 10 கிராம் ஏறக்குறைய 31,000 ரூபாய். 2018-லும் கிட்டத்தட்ட அதேதான். நடுவில் 2016-ல் உரி தாக்குதலும் சர்ஜிக்கல் ஸ்ட்ரைக்கும் நடந்தன. அந்த ஆறு வருடத்தில் 14% வட்டி கட்டியவரின் கதையை உங்கள் மைத்துனர் சொல்ல மாட்டார்.

புதுக் கடனைத் தோராயமாகப் போட்டுப் பார்ப்போம். 4 லட்சத்துக்கு 14%, மூன்று வருடம் என்றால் தவணை சுமார் 13,700. மொத்தம் 4.92 லட்சம். செயல்பாட்டுக் கட்டணம் 2%, அதற்கு ஜிஎஸ்டி என்று சேர்த்தால் 5 லட்சத்தைத் தாண்டும். மறுபக்கம், தங்கம் வாங்கும்போது 3% ஜிஎஸ்டி. வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடைவெளி இன்னொரு 3% வரை. ஆக, வாங்கிய அன்றே கையில் இருப்பது 3.77 லட்சம். தங்கம் 33% ஏறினால்தான் போட்ட பணம் திரும்பும். லாபம் அதற்கு மேல்தான். அதுவரை வீட்டுச் செலவுக்கு மாதம் பத்தாயிரத்துச் சொச்சம் மிஞ்சும். எப்படிச் சமாளிப்பீர்கள்?

நிஜமாகவே நீண்ட போர் வந்தால் முதலில் அடி வாங்குவது சம்பளமும் வியாபாரமும். அந்த நேரத்தில் தவணை காத்திருக்காது.

அதனால் இருக்கும் தங்கத்தை விற்றுக் கடனை மூடுங்கள். நிலுவை ஏறக்குறைய 4.3 லட்சம் இருக்கும். முன்கூட்டி அடைக்கும் கட்டணம் 4% என்றே வைத்தாலும், ஜிஎஸ்டி சேர்த்து 20,000. மீதி 1.4 லட்சம் நிற்கும். அதை வங்கி வைப்பில் போடுங்கள். வீட்டுக் கடன் தவணை உட்பட மூன்று மாதச் செலவுக்கு ஆகும். 90,000 ரூபாய் லாபம் இந்த வருட வருமானத்தோடு சேரும், வருமான வரிக் கணக்கில் காட்டிவிடுங்கள். டிஜிட்டல் தங்கம் தன் கண்காணிப்பில் இல்லை என்று பங்குச் சந்தைக் கண்காணிப்பு அமைப்பான செபி 2025 நவம்பரில் எச்சரித்ததும் விற்பதற்கு இன்னொரு காரணம்.

டிஃபென்ஸ் ஃபண்டா? இந்தக் கம்பெனிகளுக்குப் பெரிய வாடிக்கையாளர் அரசாங்கம் ஒன்றே. ஆர்டர் கையெழுத்தாகிப் பொருள் போய்ச் சேரப் பல வருடம் ஆகும். டிவியில் டாங்கி ஓடும் நேரத்தில் பங்கு விலை ஏற்கெனவே ஏறியிருக்கும். விட்டுத் தள்ளுங்கள்.

மைத்துனரிடம் ஒன்று கேளுங்கள்: அவர் எத்தனை லட்சம் கடன் வாங்கித் தங்கம் வாங்கியிருக்கிறார்? செயலியில் சேரும்போது அவருடைய ரெஃபரல் கோடை (ஆள் சேர்த்துவிட்டவருக்குச் சன்மானம் தரும் குறியீடு) போட்டீர்களா என்றும் பாருங்கள்.

கடன் முடிந்ததும் வங்கியிடம் நிலுவை இல்லாச் சான்று வாங்கி வையுங்கள். இரண்டு மாதம் கழித்து, உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் கணக்கு மூடப்பட்டதாகக் காட்டுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.