கடாரத்துக்குப் படகு, கடன் மட்டும் உங்கள் பேரில்

கேள்வி: சார், எனக்கு 36 வயது. பாபநாசத்தில் வீடு, தஞ்சாவூரில் தனியார் வேலை, மாதம் 52,000 ரூபாய் கைக்கு வருகிறது. நண்பர்கள் நான்கு பேர், மச்சான், நான் என ஆறு பேர் பிப்ரவரியில் மலேசியாவின் லங்காவியில் பாய்மரப் படகு எடுத்து ஐந்து நாள் தீவுகளைச் சுற்றப் போகிறோம். படகு, ஓட்டுபவர் எல்லாம் சேர்த்து 2,40,000. பாதியை, 1,20,000, நான் கிரெடிட் கார்டில் கட்டி மூன்று மாதமாகிறது. சிங்கப்பூர் நண்பன் மட்டும் தன் 20,000ஐ அனுப்பினான். மற்றவர்கள் "அறுப்பு முடியட்டும்" என்கிறார்கள். மினிமம் டியூ கட்டி வருகிறேன், 1,02,000 நிற்கிறது. ஜனவரிக் கடைசியில் மீதிப் பாதியைக் கட்ட வேண்டும். கொடைக்கானல் போனது, மச்சான் பைக்குக்கு முன்பணம் கட்டியது என்று பழைய பாக்கி 43,000 வேறு வரவேண்டும். மனைவி நகையை வைக்கலாமா, ஆப்பில் பயணக்கடன் வாங்கலாமா? ஆளுக்கு ஐந்து லட்சம் போட்டுப் படகிலேயே பங்கு வாங்கலாம் என்கிறான் ஒரு நண்பன். மனைவிக்கு இன்னும் எதுவும் சொல்லவில்லை.

பதில்: உங்கள் கடிதத்தில் லங்காவியை அடித்துவிட்டுக் கொடைக்கானல் என்று எழுதிப் பார்த்தேன், அப்படியே பொருந்துகிறது. ஆக, படகில் தப்பில்லை. எல்லோர் பங்கையும் முதலில் நீங்கள் கட்டிவிட்டு, பிறகு கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள் பாருங்கள், அதுதான் வினை.

கணக்கைத் தோராயமாகப் போடுவோம். உங்கள் கார்டுக்கு மாதம் மூன்றரை சதவீத வட்டி என்று வையுங்கள், 1,02,000க்கு 3,570. அதன்மேல் ஜிஎஸ்டி 18 சதவீதம். மொத்தம் 4,200. நீங்கள் கட்டும் மினிமம் 5,100 என்றால் அசலில் குறைவது 900 ரூபாய். இப்படியே போனால் வருஷத்துக்கு 50,000 வட்டி, இந்தப் பயணத்தில் உங்கள் சொந்தப் பங்கே 40,000தான்! இதில் இன்னொன்றும் இருக்கிறது, பாக்கி நிற்கிற வரைக்கும் அதே கார்டில் நீங்கள் போடும் பெட்ரோலுக்கும் மளிகைக்கும்கூட அன்றைக்கே வட்டி ஓட ஆரம்பித்துவிடும். வெளிநாட்டுப் பணத்தில் கட்டியதற்கு மார்க்-அப் என்று கூடுதல் கட்டணம் 5,000 போயிருக்குமே, அதையாவது ஆறாகப் பிரித்தீர்களா?

"அறுப்பு முடியட்டும்" என்பது நம் ஊரில் தேதி கிடையாது. சம்பா அறுத்து, நேரடிக் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் வந்து, மூட்டை எடை போட்டு, அப்புறம் வங்கிக் கணக்கில் பணம் ஏற வேண்டும். தை மாதம் ஒரு மழை பெய்தால் போதும், நெல் களத்திலேயே கிடக்கும், படகுக்காரன் காத்திருக்க மாட்டான். ஆனால் இதே நண்பர்கள் மாதச் சீட்டுக்குப் பணம் கட்டுகிறார்களா இல்லையா? கட்டுவார்கள், உங்கள் மச்சான் உட்பட. ஏனென்றால் அங்கே தேதி உண்டு, கேட்பதற்கு ஆள் உண்டு.

அதனால் இன்று ராத்திரியே குரூப்பில் போடுங்கள். பணம் தராத நால்வருக்கும் இதுவரை 20,000, மீதிப் பாதிக்கு 20,000, மார்க்-அப் 850, ஆக ஆளுக்கு 40,850, ஜனவரி 15க்குள். தராதவர் வரவில்லை என்று அர்த்தம். ஆள் குறைந்தால் சின்னப் படகாக மாற்றித் தருவார்களா என்று இப்போதே கேட்டுவையுங்கள். பயணமே ரத்தாகி முன்பணம் திரும்பாவிட்டாலும் அந்த நஷ்டத்தை ஆறு பேரும் சுமக்க வேண்டும், இதையும் எழுதிவிடுங்கள். முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

நகை வைக்கலாம், ஆனால் கார்டை அடைக்க மட்டும். வங்கியில் பத்து சதவீதம் என்றாலும் மாதம் 850, கார்டின் வட்டியில் ஐந்தில் ஒரு பங்கு. நண்பர்கள் தரும் பழைய பாக்கி அப்படியே நகைக்கடனுக்குப் போக வேண்டும். மீதி 1,20,000க்காக ஒரு குன்றிமணியும் கடைக்குப் போகக்கூடாது. அப்பா பெயரில் விவசாய நகைக்கடனாக வைத்தால் வட்டி குறையும் என்று யாராவது சொல்வார்கள், வேண்டாம், அது சாகுபடிக்கான பணம். இதற்கெல்லாம் முன்னால் மனைவியிடம் சொல்லுங்கள். நகை அவருடையது. போதாததற்கு மச்சான் அவருடைய தம்பியோ அண்ணனோதானே, உங்களால் இத்தனை நாளாக வாங்க முடியாததை அவர் ஒரே போனில் வாங்கிவிடுவார் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆப் கடன் பற்றிப் பெரிதாகப் பேச எதுவுமில்லை. கட்டணத்தைப் பிடித்துக்கொண்டு மீதியைத்தான் தருவார்கள், கேட்ட நிமிஷத்தில் கிடைப்பது ஒன்றுதான் அதன் அழகு.

படகில் பங்கு என்ற ஐந்து லட்சத்துக்கு நாகப்பட்டினம் போய் ஒரு விசைப்படகு முதலாளியிடம் டீ வாங்கிக் கொடுத்துப் பேசிப் பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், படகு கரையில் நிற்கும், வருமானம் இல்லாத அந்த நாளில்தான் அடிப்பக்கம் சுரண்டுவது, பெயின்ட், எஞ்சின் வேலை எல்லாச் செலவும் வரும். மீன் பிடிக்கிற படகுக்கே இந்தக் கதி. வருஷத்தில் பாதி நாள் ஆள் கிடைக்காமல் நிற்கப்போகும் உல்லாசப் படகு, அதுவும் கண்ணுக்கெட்டாத ஊரில். வாடகை வரும் என்பவர் எத்தனை நாள் வரும் என்று எழுதித் தருவாரா?

கெடா மாநிலம்தான் நம் கடாரம், லங்காவி அதில்தான் இருக்கிறது, ஆசை எனக்கும் புரிகிறது. 1025 வாக்கில் ராஜேந்திர சோழன் அங்கே கப்பல் அனுப்பியபோது பின்னால் ஒரு கஜானா இருந்தது. உங்களிடம் ஒரு கார்டு, அதன் லிமிட் என்ன என்று நீங்கள் எழுதவில்லை. அதைப் பாருங்கள், ஏனென்றால் படகைக் கையில் கொடுக்கும் முன் சேத டெபாசிட் என்று ஒரு பெரிய தொகையை ஏதாவது ஒரு கார்டில் பிளாக் செய்யச் சொல்வது வழக்கம். எத்தனை என்று கேட்டுவிட்டு, அந்தக் கார்டு சிங்கப்பூர் நண்பருடையதாக இருக்கட்டும் என்று அவரிடம் இப்போதே பேசிவையுங்கள்.