ராபர்ட் பிளான்ட் யாருக்குக் கடன்பட்டிருக்கிறார்?

கேள்வி: லெட் செப்பெலின் ராக் குழுவில் பாடிய காலத்திலிருந்தே ராபர்ட் பிளான்ட்டின் ரசிகன் நான். அவருடைய ‘சேவிங் கிரேஸ்’ ஆல்பத்தைக் கேட்டேன். பாஞ்சோ, செல்லோ, கூடப் பாட ஒரு பெண்! இடியாக முழங்கியவர் இப்படி முணுமுணுக்கலாமா? குரல் போய்விட்டதை மறைக்கத்தானே இந்த வேடம்? பழைய ரசிகர்களுக்குச் செய்யும் துரோகம் என்றே சொல்வேன். (வாசகர் ஒருவர், கோவை)

பதில்: அவர் உங்களுக்கு என்ன வாக்குக் கொடுத்து மீறினார், துரோகம் என்று சொல்ல? 1980 செப்டம்பரில் லெட் செப்பெலினின் டிரம்மர் ஜான் பான்ஹம் 32 வயதில் இறந்துபோனார். அவர் இல்லாமல் தொடர முடியாது என்று மற்ற மூவரும் அந்த டிசம்பரிலேயே குழுவைக் கலைத்துவிட்டார்கள். பிளான்ட் அந்த முடிவைக் காப்பாற்றிக்கொண்டு வருகிறார்.

2007 டிசம்பர் 10 அன்று லண்டன் ஓ2 அரங்கில் ஒரே ஒரு இரவு அவர்கள் மறுபடியும் சேர்ந்து வாசித்தார்கள். டிக்கெட்டுக்கு இரண்டு கோடிப் பேர் விண்ணப்பித்ததாகச் செய்தி வந்தது. அதே நிகழ்ச்சியை ஊர் ஊராகக் கொண்டுபோயிருந்தால் பணம் கொட்டியிருக்கும். பிளான்ட் போகவில்லை. புளூகிராஸ் என்ற அமெரிக்க நாட்டுப்புற இசையைப் பாடும் அலிசன் கிராஸுடன் சேர்ந்து அவர் செய்த ‘ரெய்சிங் சாண்ட்’ அதற்குச் சில வாரங்கள் முன்புதான் வெளியாகியிருந்தது. அந்தப் பாட்டுகளோடு அவர் பயணம் கிளம்பினார். 2009-இல் அந்த ஆல்பத்துக்கு ஐந்து கிராமி விருதுகள் கிடைத்தன. குரல் போனதை மறைக்கவே அவர் பாதையை மாற்றினார் என்றால், ஓ2 அரங்கில் அத்தனை பேருக்கு முன்னால் பாடிக்காட்டிய அதே ஆண்டில் ஏன் மாற்றினார்?

உச்சத்தில் நின்று அலறிய அந்தக் குரல் இன்று அவரிடம் இல்லை, உண்மை. 77 வயதில் யாரிடம் இருக்கும்? சுருதியை இறக்கி, எட்டாத இடங்களைப் பின்னணிப் பாடகர்களிடம் ஒப்படைத்து, அதே பழைய பாட்டுகளை ஆண்டுதோறும் பாடிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. மறைப்பது என்றால் அதைச் சொல்லுங்கள். பிளான்ட் தன் குரல் இன்று எங்கே இயல்பாக நிற்கிறதோ அங்கே நின்று பாடுகிறார். சில இடங்களில், நீங்கள் சொன்ன அந்தப் பெண் பாடகி சுசி டயனை முன்னே விட்டுத் தான் பின்னால் சேர்ந்துகொள்கிறார். பெயர்பெற்ற பாடகர் ஒருவர் இன்னொரு குரலுக்கு இடம்விட்டு ஒதுங்கி நிற்பது எவ்வளவு அரிது என்பது கச்சேரி கேட்கும் யாருக்கும் தெரியும்.

பெண் குரலோடு சேர்ந்து பாடுவதும் புதிதில்லை. நீங்கள் கொண்டாடும் லெட் செப்பெலினின் 1971 ஆல்பத்திலேயே ‘தி பேட்டில் ஆஃப் எவர்மோர்’ பாட்டில் பாடகி சாண்டி டென்னி அவருடன் பாடியிருக்கிறார். அதில் ஒலிப்பவை மாண்டலினும் கிட்டாரும்தான், டிரம்ஸே கிடையாது. அதற்கு முந்தைய ஆண்டு, மின்சாரம் இல்லாத ஒரு வேல்ஸ் குடிலில் தங்கி குழுவின் கிட்டார் கலைஞர் ஜிம்மி பேஜும் அவரும் மெட்டுப்போட்ட பாட்டுகள் மூன்றாவது ஆல்பத்தில் வந்தபோதும், ராக் எங்கே போயிற்று என்று விமர்சகர்கள் முகம் சுளித்தார்கள். 1972-இல் இருவரும் பம்பாயில் நம் நாட்டுக் கலைஞர்களை வைத்துத் தங்கள் பாட்டுகள் இரண்டைப் பதிவு செய்தார்கள். அவை 2015-இல்தான் முறையாக வெளிவந்தன. 2003-இல் பிளான்ட் மாலி நாட்டின் பாலைவன இசை விழாவில் போய்ப் பாடினார். இப்போது திடீரென்று மாறிவிட்டார் என்று நீங்கள் சொல்வதை நான் ஏற்கவில்லை.

‘சேவிங் கிரேஸ்’ ஆல்பத்தின் பத்துப் பாட்டுகளும் எங்கிருந்து வந்தவை என்று பார்த்தீர்களா? ‘சோல் ஆஃப் எ மேன்’ பார்வையற்ற கறுப்பினப் பாடகர் பிளைண்ட் வில்லி ஜான்சன் 1930-இல் பதிவு செய்தது. இதே ஜான்சன் 1927-இல் பாடிய இன்னொரு பாட்டைத்தான் லெட் செப்பெலின் 1976-இல் ‘நோபடிஸ் ஃபால்ட் பட் மைன்’ என்று முழங்கியது. அந்த இசைத்தட்டில் ஆக்கியோர் என்று பேஜ், பிளான்ட் பெயர்கள் மட்டுமே இருந்தன. ஜான்சன் பெயர் இல்லை. இந்த ஆல்பத்தின் ‘ஷெவ்ரலே’ பாட்டின் வேர் புளூஸ் பாடகி மெம்பிஸ் மின்னியிடம் இருக்கிறது. அவரும் கான்சாஸ் ஜோ மெக்காயும் 1929-இல் மிசிசிப்பி வெள்ளத்தைப் பற்றிப் பதிவு செய்ததுதான் ‘வென் தி லெவி பிரேக்ஸ்’. லெட் செப்பெலின் பிறகு அதை எடுத்துப் பாடியது. பழைய மாளிகை ஒன்றின் கூடத்தில் பான்ஹமை உட்காரவைத்து, மாடிப்படி மேலிருந்து மைக்கைத் தொங்கவிட்டுப் பதிவு செய்த அந்த டிரம்ஸ் ஓசைக்காகவே அதை நாம் இன்றும் கேட்கிறோம். நீங்கள் இடி என்று சொன்னது அந்த ஓசையைத்தான் என்றால், அந்தப் பாட்டு ஒரு பெண்ணும் ஓர் ஆணும் இரண்டு கிட்டார்களோடு பதிவு செய்தது என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

இளமையில் யாரிடமிருந்து எடுத்துக்கொண்டாரோ, அவர்களிடமே பிளான்ட் இப்போது திரும்பிப் போயிருக்கிறார். இந்த முறை அவர்களுடைய பாட்டை அடித்து மூழ்கடிக்கவில்லை. அவர் கடன்பட்டிருப்பது அவர்களுக்குத்தான் என்பது என் கட்சி. உங்களுக்கும் எனக்கும் கொடுக்க வேண்டியதை அவர் 1980-க்குள்ளேயே கொடுத்துவிட்டார்.

இன்னொன்றைக் கேட்டிருந்தால் உங்கள் பக்கம் நின்றிருப்பேன். இந்த ஆல்பத்தில் பிளான்ட் எழுதிய பாட்டு ஒன்றுகூட இல்லை. ஆறு ஆண்டுகள் பழகித் தேர்ந்த ஒரு குழு கையில் இருக்கிறது. அதற்கென்று அவர் இரண்டு பாட்டாவது எழுதியிருக்க வேண்டும். எழுதாதது எனக்கும் ஏமாற்றம்தான்.